எரிந்த வளவில் பறித்த காளான்

என் அக்காவின் ஈரலையும் சிறுநீரகங்களையும் கெடுத்தது நான் வைத்த ஒரு கறி. இவ்வளவு காலத்தில் இதை யாரிடமும் இப்படி நேராகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், சாப்பாடு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். துருவிக் கேட்டவர்களிடம், சந்தையில் வாங்கிய காளான் என்றேன். முதலாவது மழுப்பல், இரண்டாவது பொய். அந்தப் பொய்யால் என் உடம்பில் ஒரு கீறலும் விழவில்லை. அடிபட்டவள் வேறொருத்தி.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்புற அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனியில் டைப்பிஸ்ட். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். ஊரே கிளம்பிய இடப்பெயர்வில் தானும் கிளம்பி, வன்னியில் ஒரு கொட்டிலில் ஒரு வருடம் கிடந்து, கொழும்புக்கு வர அனுமதிப் பாஸுக்கு வவுனியாவில் காத்திருந்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தவள். அத்தான் கனடாவில். கல்யாணம் முடித்து நான்கு மாதத்தில் போனவர். ஏழு வருடமாக அவர்களுக்கிடையில் இருந்தது கடிதங்களும், கொமினிகேஷன் கடை டெலிபோன் கூண்டுக்குள் நின்று பேசும் சில நிமிடங்களும்தான்.

ஸ்பொன்சர் அலுவல் எல்லாம் சரிவந்து, இன்டர்வியூவும் முடிந்து, மெடிக்கல் மட்டும்தான் மிச்சம். புதன்கிழமை காலை என்று திகதியும் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முந்திய கிழமை முழுவதும் மழை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா ஜன்னலடியில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்த்தபடி, “இந்த மழைக்கு ஊரில காளான் பூத்திருக்கும். தேங்காய்ப்பால் விட்டு, மிளகு போட்டு ஒரு கறி வச்சால் எப்பிடியிருக்கும்” என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அக்கா எதையும் கேட்பவள் அல்ல. கொழும்புக்கு வந்த நாளிலிருந்து என் சம்பளத்தில் இருக்கிறோமே என்ற கூச்சத்தில், இரண்டாம் தரம் சோறுகூடப் போட்டுக்கொள்ள மாட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் போய்விடப் போகிறவள். அதற்குள் ஒரு ஆசையையாவது நிறைவேற்ற வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மதியம் பஸ்ஸில் வந்து சந்தையடியில் இறங்கினேன். அங்கே நடைபாதையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஒரு மலையகப் பெண் இருந்தாள். தெமட்டகொடையில், தோட்டம் என்று சொல்லும் ஒரு சேரியில் இருந்து காலை பஸ்ஸில் கீரைக் கட்டுகளோடு வருவாள். நாற்பது வயதிருக்கும். மழைக்காலத்தில் எங்கிருந்தோ காளானும் கொண்டுவந்து, வாழையிலையில் சுற்றி விற்பாள். அன்று அவளிடம் காளான் இல்லை.

“இன்னைக்கி வரலீங்கம்மா. திங்கக்கெழம பாப்போம். வல்லாரை நல்லா இருக்கு, எடுத்துக்கங்க” என்றாள்.

வல்லாரையை வாங்கிக்கொண்டு நடந்தேன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் எங்கள் ஒழுங்கையின் கடைசியில், ரயில் பாதைக்கு முன்னால் ஒரு வெறும் வளவு இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த தமிழர் வீடு. வீட்டுக்காரர்கள் திரும்பி வரவேயில்லை. கூரை விழுந்து, வளைகள் உக்கி, சுவருக்குள் பற்றை மண்டிக்கிடந்தது. ஒழுங்கையில் திரும்பும்போது அந்தப் பக்கம் கண் போனது. உக்கின மரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருந்தது. 

அங்கே இறங்குவது புத்தியான வேலை அல்ல. ரயில்களில் குண்டு வெடித்த காலம் அது. வளவிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் பாதையோரம் மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண், சென்றிப் பொயின்ற். சென்றியில் நின்றவன் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவர் மறைவில் குனிந்து, ஒரு சொப்பிங் பையில் அவசர அவசரமாகப் பறித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். காம்பில் மோதிரம் போல ஒரு வளையம் இருந்தது. ஊர்க் காளானில் அப்படி இருந்ததா என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது விடை பிடிபடவில்லை. வெள்ளையாக இருந்தது, எனக்கு அது போதும்.

அறைக்கு வந்ததும் அக்கா பையைத் திறந்து பார்த்தாள்.

“எங்கையடி வாங்கினனீ?”

“சந்தையிலதான். அந்தக் கீரைக்காரியிட்ட.”

யோசிக்காமல் வந்தது அந்தப் பதில். வளவில் பறித்தேன் என்றால் அக்கா அப்படியே வெளியே கொட்டிவிடுவாள். கண்ட இடத்தில் முளைத்ததைத் தின்னக்கூடாது என்பாள். சென்றிக்குப் பக்கத்தில் போனதற்கு ஏசுவாள். அவளுக்கு ஒரு வாய் நல்ல கறி கொடுக்க ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் மனதுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. நஞ்சுக் காளான் என்றால் மஞ்சள் போட்டதும் நிறம் மாறும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். ஒரு துண்டைப் பிய்த்து மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அந்தச் சோதனைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று பிறகு டொக்டர் சொன்னார்.

பின்னேரம் ஏழு மணிபோலச் சாப்பிட்டோம். எனக்குக் காளானின் வழுவழுப்பு சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. இரண்டு துண்டு பெயருக்குப் போட்டுக்கொண்டு மிச்சத்தை அக்காவின் சோற்றுக் கோப்பையில் கொட்டினேன்.

“நீயும் சாப்பிடன்” என்றாள்.

“எனக்குக் காணும். நீங்கள் சாப்பிடுங்கோ. கனடாவில உதெல்லாம் எங்க கிடைக்கப்போகுது?”

அவள் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். நான் அதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியப்புறம் அவளுக்கு வாந்தி தொடங்கியது. கொஞ்சத்தில் வயிற்றாலும் போகத் தொடங்கியது. தண்ணீர் தண்ணீராக, நிற்காமல். எனக்கும் வயிற்றைப் புரட்டியது. இரண்டு தரம் வாந்தி எடுத்ததோடு எனக்கு அடங்கிவிட்டது. அக்காவுக்கு ஞாயிறு முழுவதும் அடங்கவில்லை. காலி வீதியில் இருந்த ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்து, ‘ஃபூட் பொய்சன்’ என்று சொல்லி, உப்புக்கரைசல் பைக்கற்றும் குளிசையும் தந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். “சோறும் மரக்கறியும்” என்றேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வாந்தி நின்றது. செவ்வாய்க்கிழமை அக்கா எழும்பிக் குளித்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். கஞ்சி குடித்தாள். “எனக்கு இப்ப ஒண்டுமில்லை, வயிறு கழுவிவிட்ட மாதிரி லேசாக் கிடக்கு” என்று சிரித்தாள். அடுத்த நாள் மெடிக்கலுக்குக் கட்ட ஒரு நீலச் சேலையை எடுத்து ஸ்திரிக்கை போட்டாள். நான் ஆறுதலாக வேலைக்குப் போய்வந்தேன்.

அந்த ஒரு நாள்தான் என்னை இன்றைக்கும் ஆத்திரப்பட வைக்கிறது. உள்ளே ஈரல் செத்துக்கொண்டிருக்க, வெளியே சுகம் வந்ததுபோல் காட்டுகிற நஞ்சு அது. நோய் நோயாகவே தெரிந்திருந்தால், செவ்வாய்க்கிழமையே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருப்பேன்.

புதன்கிழமை காலை விசா மெடிக்கல் செய்யும் டொக்டரிடம் போனோம். பம்பலப்பிட்டியில் ஒரு மாடி வீடு. பெயர் கூப்பிட்டு உள்ளே போன அக்கா, ஐந்து நிமிடத்தில் டொக்டரோடு வெளியே வந்தாள். வயதான மனிதர். என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, அக்காவின் கீழிமையை இழுத்துக் காட்டினார். கண் மஞ்சளாக இருந்தது. நான்தான் காலையில் அவளுக்குப் பொட்டு வைத்துவிட்டேன். இதைப் பார்க்கவில்லை.

“இவவுக்கு மெடிக்கல் செய்யிற நேரமில்லை இது. உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றார்.

“மெடிக்கலுக்கு வேற திகதி தருவீங்களோ டொக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

அவர் ஒரு துண்டில் எதையோ எழுதித் தந்தார்.

வார்டில் கட்டில் இல்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாயில்தான் இடம் கிடைத்தது. இரத்தம் எடுத்தார்கள். அந்த வார்டு டொக்டர் இளம் சிங்களவர், நித்திரையில்லாத முகம். என்ன சாப்பிட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தத் தடவை காளான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கே கிடைத்தது?”

அக்கா பக்கத்தில் படுத்திருந்தாள். “வெள்ளவத்தைச் சந்தையில்” என்றேன்.

நஞ்சு என்றால் ஆஸ்பத்திரிப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பின்னேரம் ஒரு சார்ஜன்ட் வந்தார். அக்காவின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். அதற்குப் பிறகு அவருக்குக் காளானில் அக்கறை இல்லாமல் போனது. புலிகளைப் போலக் கழுத்தில் சயனைட் குப்பி கட்டியிருந்தாளா, அதைக் கடித்தாளா, வன்னியில் எத்தனை மாதம் இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போனார். சயனைட் கடித்தவள் நான்கு நாள் கழித்து மஞ்சள் கண்ணோடு பாயில் படுத்திருப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வார்டு டொக்டர்தான் குறுக்கே வந்து, இது காளான் கேஸ் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

“அப்படியென்றால் விற்றது யார்?” என்று சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார்.

நான் அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை என்ன? யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி, கையில் பையோடு, ரயில் பாதையோரம், சென்றிக்குப் பக்கத்து இடிந்த வீட்டுக்குள் குனிந்து ஏதோ செய்தாள். அதுதான் உண்மை. அதற்குக் காளான் என்று யார் நம்புவார்கள்? எத்தனையோ பேரை அதைவிடச் சின்னக் காரணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“சந்தை வாசலில் கீரை விற்கிற பெண்” என்றேன்.

சார்ஜன்ட் அக்காவிடமும் கேட்டார். அக்கா கண்ணை மூடியபடி, “ஓம், சந்தையில வாங்கினது” என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு போனார்.

வியாழன் மத்தியானம் அக்காவுக்குச் செவ்விளநீர் வாங்க வெள்ளவத்தைக்குப் போனேன். கீரைக்காரியின் இடம் வெறுமையாக இருந்தது. வல்லாரைக் கட்டுகள் மிதிபட்டுக் கிடந்தன. இளநீர் விற்கும் சிங்களவர் என்னை வாடிக்கையாகத் தெரிந்தவர். காலையில் பொலிஸ் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார். “அன்றைக்குத் தன்னிடம் ஹத்து இருக்கவேயில்லை என்று கத்தினாள், பாவம். அடையாள அட்டை கேட்டார்கள். அவளிடம் அது எங்கே இருக்கிறது?” என்றார். ஹத்து என்பது காளான்.

இளநீரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இதையும் எழுத வேண்டும். வியாழன் முழுவதும் இருந்து, வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அதுவும் கீரைக்காரிக்காக அல்ல. வெள்ளி காலையில் அக்கா என்னைப் பார்த்து, “ரீச்சர் வந்திட்டாவோ?” என்று கேட்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கை விட்டுவிட்டு உதறியது. சிறுநீர் போவது நின்றுவிட்டது என்று நேர்ஸ் சொன்னாள். அந்தப் பயத்தில்தான் டொக்டரிடம் ஓடினேன்.

“டொக்டர், நான் பொய் சொன்னேன். காளான் வாங்கியதல்ல. நான் பறித்தது. இடத்தைக் காட்டுகிறேன், இன்னும் அங்கே முளைத்திருக்கும்.”

அவர் பேனையை மூடி வைத்தார்.

“என்ன மரத்தில்? என்ன நிறம்? காம்பில் வளையம் இருந்ததா?”

சொன்னேன். வளையம் என்றதும் தலையசைத்தார்.

“இதற்கு என்ன மருந்து டொக்டர்?”

“நேரான மருந்தில்லை. கொடுக்கக்கூடியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஈரல் தானாக எழும்பினால் எழும்பும்.”

“நான் புதன்கிழமையே சொல்லியிருந்தால்?”

“வைத்தியத்தில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் நீங்கள் புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். பிறகு, “பொலிஸுக்கும் போய்ச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்” என்று எழும்பினார்.

அவர் கூட வந்தபடியால்தான் நான் அன்று பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தேன். சார்ஜன்ட் மேசையில் தட்டி, “அய் பொரு கிவ்வே?” என்று கத்தினார். ஏன் பொய் சொன்னாய் என்று. பயத்தில் என்றேன். எதற்குப் பயம் என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை அந்த அறையில் சொல்ல முடியாது. டொக்டர் ஏதோ சமாதானம் சொல்லி, என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதவைத்தார். இரண்டு பொலிஸார் என்னோடு வந்து எரிந்த வளவைப் பார்த்தார்கள். மிச்சக் காளான்களைச் சப்பாத்தால் மிதித்துவிட்டுப் போனார்கள்.

“அந்தப் பெண்ணை விட்டுவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

“அது இப்போது வேறு கேஸ். அடையாள அட்டை இல்லை, கொழும்பில் பதிவும் இல்லை. யாரென்று பார்க்க வேண்டும்” என்றார் ஒருவர்.

அவளைப் பதினெட்டு நாள் உள்ளே வைத்துப் பார்த்தார்கள்.

அந்தப் பதினெட்டு நாளும் அக்கா வார்டில்தான் கிடந்தாள். தோல் மாம்பழம்போல் மஞ்சளானது. பல் முரசில் இரத்தம் கசிந்தது. மூன்று நாள் தன் பெயரே தெரியாமல் கிடந்தாள். கணக்குப் படிப்பிப்பதுபோல் விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தரம், “உன்ர விடை பிழை, திரும்பச் செய்” என்று என்னைப் பார்த்து உறுக்கினாள். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டார்கள். அதற்கு வரிசை இருந்தது. போர்முனையில் காயப்பட்டு வந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். அந்த இளம் டொக்டர் எப்படியோ அவளுக்கு இடம் எடுத்துத் தந்தார். அவருக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

ஈரல் மெல்ல மெல்ல எழும்பியது. டொக்டர்களே நம்பவில்லை. சிறுநீரகங்கள் எழும்பவில்லை. பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும், அதுவும் நாளடைவில் குறைந்துகொண்டு போகும் என்றார்கள். உப்பு குறைக்க வேண்டும், தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும், மாதாமாதம் இரத்தம் பார்க்க வேண்டும்.

அக்கா அறைக்கு வந்து ஒரு கிழமை கழித்து நான் தெமட்டகொடைக்குப் போனேன். ரயில் யார்டுக்குப் பின்னால் பலகை வீடுகள் நெருக்கி நின்ற ஒரு தோட்டம். கீரைக்காரி என்று கேட்டதும் வழி காட்டினார்கள். அவள் வாசலில் பிளாஸ்டிக் வாளியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பினாள். ஒரு காதில் தோடு இருந்த இடம் கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். வழியெல்லாம் தயாராக்கிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது அது ஒன்றுதான்.

“அக்கா பொழச்சிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“ஓம். பிழைச்சிட்டா.”

“சரி.” அவளுக்கென்று நான் கொண்டுபோன பழப்பையைப் பார்த்தாள். “நீங்க அன்னைக்கி என்கிட்ட வல்லாரதான வாங்குனீங்க? நான் அதத்தான் அவங்ககிட்டச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொன்னா யாருங்க கேக்குறா? நீங்க படிச்சவங்க. ஆபிஸ்ல வேல செய்றவங்க. நீங்க சொன்னத எழுதிக்கிட்டாங்க.”

“நான் பிறகு உண்மையைச் சொன்னனான்.”

“அது எனக்குத் தெரியாதுங்களே. என்கிட்ட யாரும் வந்து சொல்லல.”

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், யார் அது என்று கேட்டது. “யாருமில்ல” என்றாள். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தணித்து, “நீங்க போங்கம்மா. இனிமே இங்கிட்டு வராதீங்க. நீங்க வந்து நின்னா, பின்னாலயே பொலிசு வரும்னு எல்லாரும் பயப்புடுறாங்க” என்றாள்.

பழப்பையை வாங்கவில்லை. அவள் மறுபடி வெள்ளவத்தைச் சந்தையில் இருக்கவில்லை. மருதானைப் பக்கம் எங்கோ வீட்டுவேலைக்குப் போவதாகப் பிறகு இளநீர்க்காரர் சொன்னார்.

அக்காவின் மெடிக்கலை ஐந்து மாதம் கழித்துச் செய்தார்கள். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிட்டது. உங்கள் உடல்நிலை எங்கள் நாட்டின் மருத்துவச் சேவைக்குப் பெரும் சுமையாக இருக்கும் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். அக்காவுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அத்தான் அப்பீல் செய்வதாகச் சொன்னார். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காகக் கோல் எடுத்தார். பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு பண்டிகைக்கு. ஒருநாள் கொமினிகேஷன் கூண்டில் அக்காவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். ரிசீவரிலிருந்து அவர் குரல் எனக்கும் கேட்டது.

“நான் எத்தனை வருசம் தனியச் சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறது, நீரே சொல்லும்?”

“எனக்கு விளங்குது” என்றாள் அக்கா.

“நான் உம்மைக் குறை சொல்லேல்லை.”

“ஓம்.”

அடுத்த வருடம் விவாகரத்துப் பத்திரம் தபாலில் வந்தது. அக்கா பேனை கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நேராகக் கையெழுத்து வைத்தாள். நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அவரைத் திட்டாத. அவர் என்ன காளானையா சமைச்சுத் தந்தவர்?”

அவள் என்னைக் குத்திச் சொன்ன ஒரே சொல் அதுதான். சொன்னதும் அவளே திகைத்துப்போனாள். பிறகு பத்திரங்களை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு அண்டைக்கே தெரியும், நீ அதைச் சந்தையில வாங்கேல்லை எண்டு.”

“என்ன?”

“சந்தைக்காரி வாழையிலையில சுத்தித் தருவாள். நீ கொண்டுவந்தது சொப்பிங் பை. அடியில கரிமண் ஒட்டியிருந்தது. அந்த எரிஞ்ச வீட்டு மண்.”

“பிறகேன் சாப்பிட்டனீங்கள்?”

“ஆசைதான். வேறென்ன? நீ பொய் சொன்னதும் எனக்குச் சுகமாப் போச்சு. நான் கேள்வி கேக்கத் தேவையில்லைத்தானே.”

எனக்கு மேலும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. “பொலிஸுக்கு ஏன் சந்தை எண்டு சொன்னனீங்கள்?”

“உன்னைக் கொண்டுபோடுவாங்கள்.”

“அவளைக் கொண்டுபோனவங்கள்.”

“ஓம்” என்றாள் அக்கா. “அது எனக்கு அப்பவே தெரியும்.”

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இரண்டு படித்த பெண்கள், ஒருத்தி ரீச்சர், ஒருத்தி டைப்பிஸ்ட். ஒருவரையொருவர் காப்பாற்ற, அடையாள அட்டைகூட இல்லாத ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தோம். நாட்டில் எங்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பற்றி அந்த அறையில் நாங்கள் நிறையக் கதைத்திருக்கிறோம். கதைக்கும்போது எங்கள் குரலில் ஒரு நடுக்கமும் இருந்ததில்லை.

சிறுநீரகங்கள் டொக்டர்கள் சொன்னதுபோலவே நாளடைவில் குறைந்துகொண்டு போயின. முதலில் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. நான் வேலை செய்த கம்பனியில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். கிழமைக்கு இரண்டு நாள் அவளை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் மூன்று செக் பொயின்ற். ஊசி ஏற்றி ஏற்றி வீங்கிக் கட்டுப் போட்ட அவளது இடது கையை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். ஒரு நாள் அவள் அவிழ்க்காமல், அங்கே நின்ற பொலிஸ்காரியின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “நீங்களே அவிழ்த்துப் பாருங்கோ” என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் விளங்கியோ விளங்காமலோ போகச் சொல்லிவிட்டாள்.

சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது, எங்கள் ஒழுங்கையே வான் பிடித்து ஊர் பார்க்கப் போனது. அக்காவால் போக முடியாது. இரண்டு நாள் பயணத்தை அவளுடைய உடம்பு தாங்காது. “நீ போய்ப் பார்த்துக்கொண்டு வா” என்றாள். ஒரு சிநேகிதியை அவளோடு இருக்கவைத்துவிட்டுப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஆமி இருந்தது, கிட்டப் போக விடவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் கட்டிலில் சாய்ந்திருந்து கடைசிவரை கேட்டாள்.

“கிணத்தில தண்ணி இருந்ததோ?”

“இருந்தது. பாசி பிடிச்சு.”

“குடிச்சனியோ?”

“இல்லை.”

“நல்ல தண்ணியடி அது” என்றாள். அன்றைக்கு அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாசை மூடி வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெஷினில் இருக்கும்போதே இருதயம் நின்று செத்துப்போனாள். வயது நாற்பத்து நான்கு. கனத்தை மயானத்தில் எரித்தோம். வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவள் எப்படி நோயாளியானாள் என்று தெரியாது. கேட்ட ஒரு கிழவர், “கொடுத்து வைக்காத பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். கொடுத்தது யார் என்று எனக்குத்தான் தெரியும்.